காலிக் கட்டங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

இரண்டு நாளாக அந்தப் படம் சுற்றுகிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், இங்கே மறுபடி போட மாட்டேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் ரோல்-ப்ளேயிங் ஆட்டத்துக்கு முதல்முறை வந்த ஒருவரின் கேரக்டர் ஷீட்டை, அதாவது தான் ஆடப்போகும் ஆளைப் பற்றி அவர் எழுதிய தாளை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படமெடுத்து, "பத்து நிமிஷக் கேரக்டர், பாதி ஷீட் காலி" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்களில் பலர் வருஷக்கணக்காக ஆடுகிறவர்கள். அதுதான் வலிக்கிறது.

ஆடியது ஃபேட் ஆக்சிலரேட்டட். ஈவில் ஹாட் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட சின்னப் புத்தகம், விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கேரக்டர் உருவாக்க அது கேட்பது என்ன? ஒரு ஹை கான்செப்ட், அதாவது இந்த ஆள் யார் என்பதற்கு ஒரு வரி. ஒரு ட்ரபிள், அதாவது இந்த ஆளை எப்போதும் துரத்தும் சிக்கல். ஆளைச் சொல்லும் இந்த மாதிரி வரிக்கு ஆஸ்பெக்ட் என்று பெயர், அதில் இன்னும் ஒன்று. பெயர், தோற்றம். பிறகு கேர்ஃபுல், க்ளெவர், ஃப்ளாஷி, ஃபோர்ஸ்ஃபுல், க்விக், ஸ்னீக்கி என்ற ஆறு அப்ரோச்சுக்கு, அதாவது ஒரு காரியத்தைச் செய்யும் விதங்களுக்கு, எண்கள்: ஒன்றுக்கு +3, இரண்டுக்கு +2, இரண்டுக்கு +1, மிச்சம் ஒன்றுக்கு 0. ரெஃப்ரெஷ் 3, அதாவது ஆட்டம் தொடங்கும்போது கையில் மூன்று ஃபேட் பாயின்ட். முடிந்தது, ஆட உட்காரலாம். மீதி இரண்டு ஆஸ்பெக்ட்டையும் ஸ்டன்ட் என்ற சிறப்புத் திறமையையும் இப்போதே எழுதலாம், ஆட்டம் தொடங்கிய பிறகும் எழுதலாம் என்று விதியே இடம் தருகிறது. அந்த ஷீட்டில் காலியாக இருந்தவை அவைதான். அவர் விதிப்படி செய்திருக்கிறார். விதியைப் படிக்காமல் சிரித்தது நீங்கள்.

அவர் எழுதியிருந்ததை யாராவது படித்தீர்களா? ஹை கான்செப்ட்: "கள்ளச்சரக்கு இறக்கும் முன்னாள் மாலுமி." ட்ரபிள்: "தம்பி வாங்கிய கடனுக்கு நான்தான் ஜாமீன்." மூன்றாவது: "பொய் சொன்னால் காது சிவந்துவிடும்."

அந்த மூன்றாவது வரி எவ்வளவு வேலை செய்யும் என்று பாருங்கள். சுங்க அதிகாரி மூட்டையைத் தட்டி "உள்ளே என்ன?" என்கிறார். காது சிவக்கிறது. ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் ஒரு ஃபேட் பாயின்ட்டை நீட்டுகிறார். இதுதான் கம்பெல். வாங்கிக்கொண்டால் மூட்டை பிரிபடும், வேண்டாம் என்றால் தன் கையிலிருந்து ஒரு பாயின்ட்டைக் கொடுத்துத் தப்ப வேண்டும். இரண்டு காட்சி தள்ளி அதே மாலுமி உண்மையைச் சொல்கிறார், ஒருவரும் நம்பவில்லை. "என் காதைப் பாருங்கள், சிவந்திருக்கிறதா?" என்று கேட்கிறார். சம்பாதித்த பாயின்ட்டைச் செலவழித்துப் பகடைக்கு +2 வாங்குகிறார். இதுதான் இன்வோக். ஒரே வரி சிக்கலையும் கொடுக்கிறது, கைகொடுக்கவும் செய்கிறது.

+2 தானே என்று நினைக்காதீர்கள். ஃபேட் பகடை நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு முகம் பிளஸ், இரண்டு மைனஸ், இரண்டு வெற்று. (சாதாரணப் பகடையானால் 1, 2 மைனஸ், 3, 4 வெற்று, 5, 6 பிளஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.) மொத்தம் 81 விதமாக விழும். விழுந்ததை அப்ரோச்சின் எண்ணோடு கூட்ட வேண்டும். க்ளெவர் +1 உள்ளவர் +3 எதிர்ப்பைக் குறைந்தது சமன் செய்ய வேண்டுமானால் பகடையில் +2-வாவது விழ வேண்டும். 81-ல் 15 முறைதான் அது நடக்கும். ஒரு ஆஸ்பெக்ட்டை இன்வோக் செய்தால் 0 விழுந்தாலே போதும், அது 81-ல் 50 முறை. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த வாய்ப்பு ஐந்தில் மூன்றாகிறது. இந்த ஆட்டத்தில் கேரக்டரின் பலம் எண்ணில் இல்லை, எழுதும் வரியில் இருக்கிறது. அவர் மூன்று நல்ல வரி எழுதியிருக்கிறார்.

காலிக் கட்டம் குறை அல்ல. அது ஆட்டத்துக்காக விட்டுவைத்த இடம்.

மூன்றாம் காட்சியில் கப்பல் ஒரு தீவை நெருங்குகிறது. "உனக்கு இந்த இடம் தெரியுமா?" என்று இன்னொரு ஆட்டக்காரர் கேட்கிறார். மாலுமி கொஞ்சம் யோசித்து, காலிக் கட்டத்தில் "இந்தத் தீவில் என் தலைக்கு விலை உண்டு" என்று எழுதுகிறார். அந்த நொடியில் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் அந்த வரி சொந்தமாகிவிடும். அதையே ஒரு வாரம் முன்னால் வீட்டில் எழுதியிருந்தால், தீவே வராத கதையில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

நிரம்பி வழியும் ஷீட் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆள் யார் என்பது வேண்டாம். எட்டுப் பக்கம் முன்கதை. ஊர் எரிந்தது, பெற்றோர் இறந்தார்கள், குரு இறந்தார், காதலி இறந்தாள். ஐந்து ஆஸ்பெக்ட்டும் பூர்த்தி: "நிகரற்ற வாள்வீரன்", "யாருக்கும் அஞ்சாதவன்", இன்ன பிற. படிக்க நன்றாகத்தான் இருந்தது. முதல் சண்டையிலேயே மூன்று ஃபேட் பாயின்ட்டும் தீர்ந்தன. மறுபடி சம்பாதிக்க வழியில்லை, ஏனென்றால் அந்த ஐந்து வரியில் ஒன்றுகூட அவனுக்குத் தொல்லை தராது. கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வர அவன் கடந்த காலத்திலிருந்து ஓர் ஆளைத் தேடினார் ஜிஎம். எட்டுப் பக்கத்தில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

அதைச் சரிசெய்ததும் ஒரு வரிதான். ஒரு செஷன், அதாவது ஒருமுறை உட்கார்ந்து ஆடும் ஆட்டம், முடியும்போது வரும் மைனர் மைல்ஸ்டோன் என்ற வளர்ச்சிப் படியில் ஹை கான்செப்ட்டைத் தவிர வேறொரு ஆஸ்பெக்ட்டை மாற்றி எழுதலாம். "யாருக்கும் அஞ்சாதவன்" போய், "ஊரை எரித்தவன்தான் இன்று எனக்குப் படியளக்கிறான்" வந்தது. அன்றைக்குத்தான் அந்த வாள்வீரனுக்கு மேசையில் உயிர் வந்தது.

இதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். "முன்கதை இல்லாமல் கேரக்டருக்கு ஆழம் எங்கிருந்து வரும்?" ஆட்டத்திலிருந்து வரும். அடி வாங்கும்போது வரும். அடியைக் குறிக்கும் மூன்று ஸ்ட்ரெஸ் கட்டம் தாங்காததைக் கான்சிக்வென்ஸ், அதாவது நீடிக்கும் பாதிப்பு, தாங்குகிறது: லேசானது 2, நடுத்தரம் 4, கடுமையானது 6. அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும், அதுவும் ஆஸ்பெக்ட்தான். "கால் சுளுக்கு" என்று எழுதினால் அது வெறும் காயம். "தம்பியின் முன்னால் மண்டியிட்டேன்" என்று எழுதினால் அடுத்த மூன்று செஷனுக்கு அது கதை. கதையின் ஒரு பகுதி முடிந்து சிக்னிஃபிகன்ட் மைல்ஸ்டோன் வந்தால் ஒரு அப்ரோச் ஒன்று கூடும், +5-க்கு மேல் போகாது. பெரிய கதை ஒன்று முடிந்து மேஜர் மைல்ஸ்டோன் வந்தால் ரெஃப்ரெஷ் கூடும், ஹை கான்செப்ட்டையே மாற்றலாம். "முன்னாள் மாலுமி" ஒருநாள் "கடன் தீர்த்த கப்பல்காரர்" ஆவார். வளர்ச்சிக்கு இத்தனை படி கட்டிவைத்த ஆட்டத்தில், முதல்நாளே முழு ஆள் வேண்டும் என்று அடம்பிடிப்பது என்ன நியாயம்?

"காலியாக விடுவது சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுக்கும்." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். மூன்றாவது செஷனிலும் அதே இரண்டு கட்டம் காலி என்றால் ஏதோ சரியில்லை. ஆனால் அப்போது செய்ய வேண்டியது படமெடுப்பது அல்ல, கேட்பது. "இன்று உன் ஆள் செய்ததில் உனக்கே ஆச்சரியமாக இருந்தது எது? இந்த மேசையில் யாரை நம்பத் தொடங்கியிருக்கிறான்?" இரண்டு கேள்வி, ஐந்து நிமிஷம். இரண்டு கட்டத்துக்கும் வரி கிடைத்துவிடும். ஸ்டன்ட்டும் அப்படித்தான். இன்ன திறமை எனக்கு உண்டு, அதனால் இன்ன சூழலில், இன்ன அப்ரோச்சில், இன்ன செயலுக்கு +2 என்பது அதன் அச்சு. சூழலை அறியாமல் எழுதினால் ஒன்று "எப்போதும் +2" என்று அகலமாகிவிடும், அல்லது "பௌர்ணமி இரவில் பாய்மரத்தில் ஏறும்போது" என்று ஒருநாளும் வராத இடத்தில் மாட்டிக்கொள்ளும். இரண்டு செஷன் ஆடிப் பார்த்தவருக்குத் தன் ஆள் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்று தெரியும். அப்போது எழுதட்டும்.

"டி அண்ட் டியில் இப்படியெல்லாம் விடுவதில்லை" என்றார் ஒருவர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வேறு ஆட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு நாளாக இதுதான் மனதை அறுக்கிறது. அவர் ஆஸ்பெக்ட்டைத் தமிழில் எழுதியதையும் ஒருவர் கிண்டல் செய்திருந்தார். ஆஸ்பெக்ட் என்பது ஆட்டத்தின் சூட்டில் சட்டென்று வாயில் வர வேண்டிய வரி. யோசித்துக் கோத்து எடுக்கிற வரியை யாரும் இன்வோக் செய்வதில்லை, மறந்துவிடுவார்கள். "நான்தான் ஜாமீன்" என்று ஒருவர் சொன்னால் நம் மேசையில் அத்தனை பேருக்கும் வயிற்றில் ஒரு கனம் இறங்கும். கடன்காரன் வாசலில் வந்து நின்றால் வீடு எப்படி அமைதியாகும் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். அந்த வரியில் அவர் தனக்குத் தெரிந்த எதையோ எடுத்து வைத்திருக்கிறார். அதைப் பொதுவில் போட்டுச் சிரித்திருக்கிறீர்கள்.

புது ஆள் வரவில்லை என்று மாதாமாதம் புலம்புகிறவர்களும் நீங்கள்தான். வந்த ஒருவரை இப்படியா நடத்துவது?

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். விளக்கம் வேண்டாம், "வேடிக்கைக்குத்தான்" என்று பதிலும் வேண்டாம். அதில் அவருடைய கையெழுத்து இருக்கிறது, அவரைத் தெரிந்தவர்களுக்கு அது போதும். அடுத்த செஷனில் அவருடைய நாற்காலியைக் காலியாக வையுங்கள், ஷீட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்த இரண்டு கட்டத்திலும் வேறு யாரும் எதையும் எழுத வேண்டாம்.