முதல் இதழ் என்ற எண்ணும் பழைய வாசகரும்
நெடுங்காலமாக வரும் சூப்பர் ஹீரோ காமிக்ஸை மறுபடியும் முதல் இதழிலிருந்து தொடங்குவதை எதிர்ப்பவர்கள் மாற்றத்துக்கு அஞ்சுகிறார்கள் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1938 முதல் சூப்பர்மேன் கதைகளோடு வெளிவந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 904ஆம் இதழோடு நிறுத்தப்பட்டு, 2011இல் மீண்டும் 1 என்று எண்ணிடப்பட்டபோது, எங்களை வருத்தியது அட்டையில் இருந்த எண் மட்டுமன்று. 1996இல் நடந்த, சூப்பர்மேனான கிளார்க், அவர் காதலி லோயிஸ் ஆகியோரின் திருமணமே கதையில் நடவாததாகிவிட்டது. (சூப்பர்மேனின் உடை மாறியதை நான் பொருட்படுத்தவே இல்லை.) 2016இல் பழைய எண்வரிசை 957ஆம் இதழாகத் திரும்பியதும், அந்தத் தம்பதியரை மகனோடு மீண்டும் கண்டதும் எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. புதியவர்களுக்கு எளிய நுழைவாயில் தேவைதான். ஆனால் அதற்கு முதல் பக்கத்தில் ஒரு தெளிவான முன்கதைச் சுருக்கமே போதும். மறுதொடக்கம் செய்வோர், பழைய நிகழ்வுகளில் எவை நீடிக்கும் என்பதையாவது முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.