பேய் மிரட்டினால்தான் காமெடியன் சிரிக்க வைப்பான்

பேய்க் காமெடிப் படம் ஓடவில்லை என்றால் உடனே "காமெடி எடுபடல" என்கிறோம். எனக்கென்னவோ பல படங்களில் எடுபடாமல் போனது பேய்தான் என்று படுகிறது. திரையில் நிற்கும் உருவத்தைப் பார்த்து நமக்கே ஒரு திக் இருக்க வேண்டும். அப்போதுதான் அதைப் பார்த்துக் கைகால் உதறுகிறவன் நம்மைச் சிரிக்க வைப்பான். நமக்குப் பயமே இல்லாத ஒன்றைப் பார்த்து அவன் அலறினால் காதுதான் வலிக்கும்.

'சந்திரமுகி'யில் (2005) வடிவேலு நடுங்கும் காட்சிகளை மறுபடி போட்டுப் பாருங்கள். அங்கே கேலிக்குள்ளாவது அவர்தான். பூட்டிய அறையையும் அதன் இருட்டையும் படம் எங்கேயும் கேலி செய்யவில்லை. ஜோதிகா முழுதாக மாறும் இடம் வந்ததும் காமெடி தானாக ஒதுங்கி வழிவிடுகிறது. 'காஞ்சனா'வில் (2011) இன்னொரு நல்ல யோசனை: இருட்டினால் அம்மா துணையில்லாமல் வெளியே போகாத பயந்தாங்கொள்ளி உடம்பிலேயே பேய் ஏறுகிறது. முதல் பாதி முழுக்க நாம் பார்த்துச் சிரித்த அதே பயம் பிறகு கதையையே தூக்கிக்கொண்டு போகிறது. இது திரைக்கதை எழுதும்போதே விழ வேண்டிய முடிச்சு. படப்பிடிப்புத் தளத்தில் வசனம் சேர்த்து இதைக் கொண்டுவர முடியாது.

எழுதும்போது கவனிக்க வேண்டிய அடுத்த விஷயம், பேய்க்கான சட்டம். யார் கண்ணுக்குத் தெரியும், பொருளைத் தொடுமா, வீட்டை விட்டு வெளியே வருமா, எதற்கு அடங்கும்: இந்த நாலும் முதல் 25 நிமிடத்துக்குள் பார்வையாளருக்குப் புரிந்துவிட வேண்டும். 1945-இல் டேவிட் லீன் இயக்கிய 'ப்ளைத் ஸ்பிரிட்'டில் இறந்துபோன முதல் மனைவியின் ஆவி கணவனுக்கு மட்டும் தெரியும். அவன் ஆவியை அதட்டினால், எதிரே நிற்கும் இரண்டாம் மனைவி தன்னைத்தான் திட்டுகிறான் என்று நினைத்துக் கொதிக்கிறாள். ஒரே ஒரு சட்டத்திலிருந்து எத்தனை காட்சி கிளைக்கிறது பாருங்கள்! நம் படங்கள் சிலவற்றில் இடைவேளைக்கு முன் சுவரைத் துளைத்து வந்த பேய், கிளைமாக்ஸில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். அந்த நொடியில் பயம் போய்விடும், கூடவே சிரிப்பும்.

இப்போது கேமராவுக்கு வருவோம். ஹீரோ முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், பின்னால் பேய் வந்து நிற்கிறது, அவருக்குத் தெரியாது. இதை இருவரும் சேர்ந்து தெரியும் ஒரே வைட் ஷாட்டில், வெட்டாமல் வைக்க வேண்டும். ஹீரோவுக்கு ஒரு க்ளோசப், பேய்க்கு ஒரு க்ளோசப் என்று பிரித்தால் இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்ற உணர்வே அறுந்துபோகும். 24 அல்லது 28 எம்எம் லென்ஸ், அபெர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை; எண் கூடினால் துளை சிறிதாகும்) 5.6-லிருந்து 8-க்குள் இருந்தால் இரண்டு முகமும் தெளிவாக நிற்கும். அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அதை மிச்சம் பிடிக்க 1.4-இல் எடுத்தால் பேய் பின்னால் மங்கிய வெள்ளைத் திட்டாகிவிடும்.

லைட்டிங்கில் அடிக்கடி நடக்கும் தவறு, காட்சி முழுவதையும் நீலத்தில் முக்குவது. இருட்டு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், காமெடியனின் கண் மட்டும் தெரிய வேண்டும். அவர் கண்ணில் சின்னதாக ஒரு ஒளிப்புள்ளி விழும்படி தனியாக ஒரு லைட் வையுங்கள். முழி தெரியாவிட்டால் பாதி நடிப்பு போச்சு.

பேய் மிதந்து வர எப்போதும் ரோப் தேவையில்லை. நடிப்பவரைச் சின்ன டிராலியில் நிற்க வைத்து, முழங்காலுக்கு மேல் மட்டும் ஃபிரேமில் பிடித்துத் தள்ளினால் போதும், அருமையாக வரும். தள்ளத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் உடம்பு ஒரு வெட்டு வெட்டும், தலைமுடி ஆடிக் காட்டிக்கொடுக்கும். அந்த இரண்டு முனையையும் எடிட்டிங்கில் நறுக்கிவிட்டு, சீராக நகரும் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டென்று மறையும் வித்தைக்கு வயது நூற்றுக்கு மேல். பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியே 1896-இல் எடுத்த சுமார் மூன்று நிமிடப் பிசாசுக் கோட்டைப் படத்திலேயே அது இருக்கிறது. சொல்லப்போனால் அவரும் பயத்தையும் வேடிக்கையையும் சேர்த்தேதான் காட்டினார். கேமராவை நிறுத்து, ஆளை வெளியே அனுப்பு, மறுபடி ஓட்டு, அவ்வளவுதான். குறும்படம் எடுப்பவர்கள் போனிலேயே செய்யலாம். டிரைபாட் அசையக் கூடாது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஆள் நகர்ந்ததும் படத்தின் வெளிச்சம் தானாக மாறிவிடும். மற்ற நடிகர்கள் சிலையாக நிற்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், திரைச்சீலை ஆடினால் வெட்டு தெரிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் நடுவில் மேகம் வந்து கெடுக்கும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒலி. திடுக்கிடும் இடத்துக்கு இரண்டு மூன்று நொடி முன்பே பூச்சிச் சத்தம், காற்று, இசை எல்லாம் மெல்ல வடிய வேண்டும். நிசப்தம் இருந்தால்தான் அடி விழும். முதல் நிமிடத்திலிருந்தே வயலின் கத்திக்கொண்டிருந்தால் உச்சத்தில் எதை ஏற்றுவது? காமெடியன் முழிக்கும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். அது நடிகரை நம்பாத வேலை. திடுக்கிட்ட பிறகு வரும் சிரிப்புக்கும் இடம் விட வேண்டும். வசனம் இல்லாத ரியாக்‌ஷன் ஷாட் ஒன்றை மூன்று நொடி ஓடவிட்டால், தியேட்டர் சிரித்து முடிக்கும்போது அடுத்த வசனம் வரும். உடனே அடுத்த ஜோக்கை வைத்தால் அது சிரிப்புச் சத்தத்தில் காணாமல் போகும்.

கடைசியாக அந்த ஃபிளாஷ்பேக். நம் பேய்க் காமெடிகளில் பேய் பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவர், அதிலும் அனேகமாக ஒரு பெண். ஒரு மணி நேரம் அவள் நிறத்தையும் உடம்பையும் வைத்துச் சிரிக்க வைத்துவிட்டு, திடீரென்று அவளுக்காக அழு என்றால் எப்படி அழ முடியும்? அவளைப் பார்த்து ஓடுகிறவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்க்கட்டும், அவளை விட்டுவிட வேண்டும். ஃபிளாஷ்பேக் ஓடும் இருபது நிமிடமும் காமெடியன்கள் காணாமல் போவதும் தேவையில்லாதது. பேய் தன் கதையை அவர்களிடமே சொல்லட்டும். அதுவரை அவளைக் கண்டு ஓடியவன் ஓடாமல் உட்கார்ந்து கேட்கிற அந்த ஒரு ஷாட் போதும், கிளைமாக்ஸில் அவன் அவள் பக்கம் நிற்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.