விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களாம் நாங்கள்

சாலை ஆராய்ச்சி நிதி பற்றி நடந்த அந்த இணையக் கூட்டத்தைப் பற்றி ஏன் எதுவும் எழுதவில்லை என்று உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கோபம் ஆறட்டும் என்று விட்டிருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

அதில் ஒரு பெரியவர் பேசிய வீடியோத் துண்டை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், திரும்ப ஒட்ட மாட்டேன். சாலை ஆராய்ச்சிக்குப் பன்னாட்டு நிதி நிறையவே இருக்கிறதாம், ஒழுங்காக விண்ணப்பம் எழுதத்தான் ஆளில்லையாம், அதிலும் "உங்களைப் போன்ற நாடுகளுக்கு" முதலில் பயிற்சி வேண்டுமாம். இதில் கடைசி வரியைப் புன்னகையோடு சொன்னார் பாருங்கள், அதுதான் தூங்க விடவில்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்கள் எல்லாம் தலையாட்டின. எனக்குத் தெரிந்த சில முகங்களும் அதில் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை.

முதலில் அந்த "நிறைய இருக்கிறது" கதையைப் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் 2020 பற்றி ஐரோப்பிய ஆணையமே 2024இல் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வெளியிட்டது. தரமானவை என்று தேறிய எல்லா விண்ணப்பங்களுக்கும் நிதி கொடுத்திருக்க வேண்டுமென்றால் மேலும் 15,900 கோடி யூரோ தேவைப்பட்டிருக்கும் என்கிறது அது. திட்டத்தின் மொத்தப் பணமே 8,000 கோடி யூரோவை ஒட்டித்தான். தேறியவற்றில் நான்கில் ஒரு பங்குக்குத்தான் காசு கிடைத்தது. எல்லாத் துறைகளுக்கும் சேர்த்த கணக்கு அது, சாலைக்கு மட்டும் இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதத் தெரிந்தவர்களே வாசலில் வரிசையாக நிற்கும்போது எழுத ஆளில்லை என்று மேடையில் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

பணம் கிடைக்காததற்காக நான் இதை எழுதவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: எதை ஆராய வேண்டும் என்ற கேள்வி எங்களைக் கேட்காமல் எழுதப்படுகிறது. பதிலை மட்டும் எங்களை எழுதச் சொல்கிறார்கள். அதுவும் அவர்கள் கொடுக்கும் பக்க வரம்புக்குள், அவர்கள் கொடுக்கும் தலைப்புகளுக்குக் கீழ், அவர்கள் சொல்லும் நாள் மாலை ஐந்து மணிக்குள், பிரஸ்ஸல்ஸ் நேரப்படி.

இந்தத் துறைக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹொரைசன் வகைத் திட்டங்களில் விண்ணப்பம் கேட்டு அழைப்பு வெளியாகும்போதே என்ன விளைவு வர வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருக்கும். பொதுவாகக் குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைக்க வேண்டும். ஆய்வின் தரம், தாக்கம், செயல்படுத்தும் முறை என்று மூன்று அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 15க்கு 10 வாங்கினால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பணம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 13 வாங்கியும் வெளியே நிற்கிறவர்கள் ஏராளம். பக்க வரம்பைத் தாண்டினால் தாண்டிய பக்கங்கள் மதிப்பீட்டாளர் கண்ணுக்கே தெரியாது, அமைப்பே மறைத்துவிடும். இத்தனையும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பயிற்சி வகுப்புகளில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன், அந்தப் பெரியவருக்கு யாராவது சொல்லுங்கள்.

ஆக, எழுதத் தெரியாததல்ல விஷயம்.

இப்போது கூட்டணியில் சேர எங்களுக்கு அழைப்பு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். கெடு நெருங்கி, எல்லாம் முடிந்த பிறகு, முன்பின் தெரியாத ஒரு ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வரும். உங்கள் நிறுவனத்தின் ஒன்பது இலக்கப் பங்கேற்பாளர் எண், சுருக்கமான சிவி, நல்ல தெளிவுள்ள லோகோ, கூடவே தலைமையின் கையெழுத்தோடு ஓர் ஆதரவுக் கடிதம். கடிதத்தையும் அவர்களே எழுதி அனுப்பிவிடுவார்கள், நாம் முத்திரை குத்தினால் போதும். ஒருமுறை வரைவையும் இணைத்திருந்தார்கள். நான் திறந்து பார்த்தேன். களஆய்வு நடக்கும் நாட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் "நாடு, பின்னர் உறுதி செய்யப்படும்" என்று மஞ்சள் அடித்து வைத்திருந்தது. மண் என்ன, மழை எவ்வளவு, எந்த வண்டி எவ்வளவு பாரத்தோடு போகிறது, எதுவும் தேவைப்படவில்லை. எந்த நாடாக இருந்தாலும் அந்த மஞ்சளுக்குள் பொருந்தும்.

அதிலும் நான் விடவில்லை. உட்கார்ந்து ஒரு பகுதி எழுதி அனுப்பினேன். வடிகால் பற்றி, சாலையோர மண் தோள் பற்றி, சரளைச் சாலைகளில் ஒவ்வோர் ஆண்டும் மேல்சரளை எவ்வளவு காணாமல் போகிறது, அதைத் திரும்பக் கொட்ட யாரிடமும் காசில்லை என்பது பற்றி. சாலையைக் கெடுப்பதில் வண்டிக்கு எந்த விதத்திலும் குறையாத எதிரி தண்ணீர். இது எங்கள் துறையில் முதல் வருட மாணவருக்கும் தெரிந்த சங்கதி. பதில் வந்தது: மிகவும் சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் அழைப்பு டிஜிட்டல் ட்வின், அதாவது சாலையின் கணினி நகல் கேட்கிறது. கடைசியில் சமர்ப்பித்த ஆவணத்தில் என் வடிகால் "உணரித் தரவுகள்" (சென்சார் தரவுகள்) என்று மாறியிருந்தது. அடைத்துக்கொண்ட ஒரு பக்கக் கால்வாய்க்கு உணரி எதற்கு? குனிந்து பார்த்தால் தெரியாதா?

"கொடுக்கிறவன்தானே கேள்வி கேட்பான்" என்று இந்நேரம் ஒருவர் கமெண்ட் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். சரிதான். ஐரோப்பிய சாலை இயக்குநர்கள் மாநாடு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நாடுகளின் சாலைத் துறைகள் தங்கள் பணத்தை ஒன்றாகப் போட்டு, தங்களுக்கு என்ன ஆராய்ச்சி தேவை என்று தாங்களே எழுதி, தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் சாலை, அவர்கள் பணம், அவர்கள் கேள்வி. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, பொறாமைதான் உண்டு. என் சண்டை அவர்களோடு இல்லை. ஏழை நாடுகளின் சாலைகளுக்காகவே என்று பெயர் சூட்டி, முகப்பில் செம்மண் பாதையில் நடக்கும் குழந்தையின் படம் போட்டு வெளியிடுகிறார்களே, அந்த அழைப்புகளோடுதான். அதிலும் கேள்வி வேறெங்கோ எழுதப்படுகிறது.

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்றும் சொல்லாதீர்கள். 1970களின் தொடக்கத்தில் உலக வங்கியும் பிரிட்டனின் சாலை ஆய்வகமும் கென்யாவில் போய் உட்கார்ந்து, அந்தச் சாலைகளில் வண்டி ஓட்ட என்ன செலவாகிறது, சாலை எப்படித் தேய்கிறது என்று வருடக்கணக்கில் அளந்தார்கள். அப்புறம் கரீபியன் தீவுகள், பிரேசில், இந்தியா. அந்த அளவீடுகளிலிருந்துதான் சாலைச் செலவையும் தேய்மானத்தையும் கணிக்கும் எச்டிஎம் என்ற கணக்கு மாதிரி உருவானது, இன்றைக்கும் சாலைக் கடன்களுக்குக் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான். உலகம் முழுக்கச் சாலையின் மேடுபள்ளத்தைச் சொல்லும் ஐஆர்ஐ அளவுகோல், 1982இல் பிரேசிலியாவில் நடந்த சோதனையில் பிறந்தது. நம்மைப் போன்ற நாடுகளின் புழுதிதான் உலகத்துக்கே அளவுகோல் கொடுத்தது. இன்றைக்கு அதே நாடுகளுக்குத் "திறன் வளர்ப்பு".

இன்னொன்று. ஹொரைசன் 2020க்கு அடுத்து வந்த ஹொரைசன் ஐரோப்பா திட்டத்தின் விதிகளின்படி பெரும்பாலான குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் நிறுவனங்களுக்கு, ஜெயித்தால் நிதி பெறும் தகுதி தானாகவே உண்டு. இந்தியா, சீனா, பிரேசிலுக்கு இல்லை. சில அழைப்புகள் தவிர, கூட்டணியில் சேரலாம், செலவை வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டும். அதற்கான நியாயம் எனக்குப் புரிகிறது, பெரிய பொருளாதாரங்கள். புரிகிறது என்பதால் வலிக்காமல் போய்விடாது.

அப்புறம் காலம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திட்டம் மூன்று வருடம் என்கிறார்கள். ஒப்பந்தம், கருவி இறக்குமதி, சுங்கம் என்று முதல் வருடம் போய்விடும். கடைசி சில மாதங்கள் அறிக்கை எழுதவே சரியாக இருக்கும். நடுவில் ஒரு மழைக்காலம் கிடைத்தால் பாக்கியம். சாலை அந்தக் கணக்குக்கு வராது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையில், தனியாகக் கட்டிய தடங்களில் லாரிகளை ஓயாமல் ஓட்டி, 11 லட்சத்துக்கும் அதிகமான முறை சக்கர அச்சுகளின் சுமையை அவற்றின் மேல் ஏற்றினார்கள். அன்றைக்கே 2.7 கோடி டாலர் செலவு. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்ற நான்காம் அடுக்குக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். ஒரே மண், ஒரே தட்பவெப்பம். அந்தச் சமன்பாடுகள் வெப்ப மண்டல நாடுகளின் கையேடுகளுக்குள் எல்லாம் புகுந்துவிட்டன. அது போதாது என்று அமெரிக்கர்களுக்கே பட்டதால்தான் 1987இல் நீண்டகாலச் சாலைச் செயல்திறன் திட்டத்தை 20 வருடக் கணக்கில் தொடங்கினார்கள். அந்த 20 வருடம் முடிந்த பிறகும் விடவில்லை. தங்கள் சாலைக்கு 20 வருடம் வேண்டும் என்று தெரிந்தவர்களின் உலகத்தில், எங்கள் சாலைக்கு மட்டும் ஒரு மழைக்காலம் போதுமாம்.

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் குறைந்த போக்குவரத்துச் சாலை ஒன்றில் சோதனைப் பகுதிகள் போட்டோம். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண், ஓரத்தில் ஒரு சிறு கான்கிரீட் கல். மண்ணின் உறுதியை அளக்கும் டிசிபி கம்பியைச் சுத்தியல் தூக்கிப் போட்டு இறக்குவோம், ஒவ்வொரு அடிக்கும் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் நனைந்த தாளில் எழுதுவார். எங்கள் களப்பணியாளர் ஒருவர் கிளம்பும் நாளில், "சார், இன்னொரு மழையையும் பார்த்துட்டுப் போலாமே" என்றார். அவருக்குப் புரிந்தது நிதிக்குப் புரியவில்லை. திட்டம் முடிந்துவிட்டது, வண்டிக்கு டீசல் போடக்கூட பட்ஜெட் தலைப்பு இல்லை. சில காலம் கழித்து அந்தப் பக்கம் போனேன். பராமரிப்பு ஒப்பந்ததாரர் மொத்தச் சாலைக்கும் மேலே புதிதாக ஓர் அடுக்கு தார் போட்டிருந்தார். எண்களெல்லாம் அடியில். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அது சோதனைப் பகுதி என்று அவருக்குச் சொல்ல எங்களில் யாரும் அங்கே சம்பளத்தில் இல்லை. இறுதி அறிக்கை மட்டும் வழவழப்பான அட்டையோடு இருக்கிறது. தாக்கத்துக்கு நல்ல மதிப்பீடும் கிடைத்தது.

"பொதுப்பணம், கணக்குக் கேட்கக் கூடாதா?" கேளுங்கள். ஒவ்வொரு ரசீதும் கொடுத்திருக்கிறேன், களத்தில் படகுக்காரரிடம் ரசீது வாங்கியவன் நான். கணக்குக் கேட்பதும் கேள்வியைப் பறித்துக்கொள்வதும் ஒன்றில்லை. அவ்வளவுதான்.

"செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிவிடலாமே?" எழுதலாம். எல்லோரும் எழுதுவார்கள். அப்புறம்?

"தோற்றவன் புலம்புகிறான்." இது வரும் என்று தெரியும், ஒருவர் ஏற்கெனவே சூசகமாக வேறொரு பதிவில் எழுதியும் விட்டார். ஜெயித்த திட்டங்களிலும் இருந்திருக்கிறேன் ஐயா. மேலே சொன்ன வெள்ளை எண் கதை ஜெயித்த திட்டத்தின் கதை. ஜெயித்ததில்தான் அதிகம் புண்பட்டேன். தோற்றால் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடும்.

விண்ணப்பம் எழுதும் உழைப்பைப் பற்றியும் யாராவது பேசியாக வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே தனி அலுவலகம், சம்பளத்துக்கு ஆட்கள். இங்கே பகலில் களம், ராத்திரி புரபோசல். நிராகரித்தால் அந்த ராத்திரிகளுக்குக் கூலி இல்லை. பதில் வரவே ஐந்து மாதம் வரை ஆகலாம், ஜெயித்தாலும் ஒப்பந்தம் கையெழுத்தாகக் கெடு நாளிலிருந்து எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் இளம் ஆய்வாளர் என்ன செய்வார்? என்னோடு டிசிபி சுத்தியல் தூக்கிய பெண், மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தே களிமண் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள், இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். அவளை நான் திரும்பக் கூப்பிட மாட்டேன், எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இவ்வளவும் தார், சரளை பற்றிய வாய்ச்சண்டை என்று நினைக்கிறவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 11.9 லட்சம் பேர். அதில் 92 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். உலக வாகனங்களில் அங்கே இருப்பது 60 சதவீதம் போலத்தான். சாவு எங்கே நடக்கிறதோ அங்கிருந்து கேள்வி வர வேண்டும் என்று கேட்பது அவ்வளவு பெரிய பேராசையா? இரண்டு பக்கத்தில் முதலில் கேள்வியை எங்களிடம் வாங்குங்கள். தேர்ந்தெடுத்தவர்களுக்கு முழு விண்ணப்பம் எழுத ஒரு சிறு தொகை கொடுங்கள். திட்டம் முடிந்த பிறகும் ஐந்து வருடம் போய் அளக்க டீசல் காசை ஒதுக்கி வையுங்கள். இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் தேவையில்லை.

அடுத்த அழைப்புக்கான வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது யாராவது என்னை டேக் செய்யுங்கள். நான் எழுதுவேன். பக்க வரம்பு எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.