அடுத்த எண்ணெய்க்கும் வாளிதானா?

தலைவர்கள் நெருக்கடியைச் சமாளிப்பது பெரும்பாலும் அது நடந்து முடிந்த பிறகுதான்: ஆய்வு, அறிவிப்பு, நிவாரணம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று எழுதினார்கள், சரி. புயல் மழை வடசென்னையின் எண்ணூருக்குள் எதை இழுத்துவரும் என்பதற்கு யார் தயாராக இருந்தார்கள்?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உள்ள மணலியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. மீனவர் ஊரான காட்டுக்குப்பத்தில் படகு, வலை எல்லாம் கறுத்தன. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளினோம். ஏறக்குறைய ஏழு வருடம் கழித்தும் மீனவர்கள் மக் கொண்டுதான் மொண்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

எண்ணெயை முதல் சில மணி நேரத்தில் மடக்க வேண்டும். தாமதித்தால் அலையில் தண்ணீரோடு குழைந்து மூன்று நான்கு மடங்கு உப்பிக் கெட்டியாகிவிடும், பம்பு அடைத்துக்கொள்ளும். மிதவைத் தடுப்பை ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டினாலும் பலனில்லை. நீரோட்டம் நொடிக்கு சுமார் 35 சென்டிமீட்டரைத் தாண்டினால் எண்ணெய் அடியில் நழுவிப் போய்விடும். சாய்த்துக் கட்டி, உறிஞ்சும் லாரி நிற்கக்கூடிய கரைக்கு ஒதுக்க வேண்டும். கடல் ஓதம் ஏறும்போது ஆற்று நீர் திரும்பி ஓடும், எனவே எதிர்ப்பக்கமும் ஒரு தடுப்பு வேண்டும். ஆகாயத்தாமரை வந்து மோதினால் மிதவை கவிழும், அதைத் தள்ளிவிட இரண்டு பேர் கூடவே நிற்க வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் கும்பலாக இறங்காதீர்கள். மிதித்தால் எண்ணெய் வேர்ச்சேற்றுக்குள் புதைந்துவிடும்.

இறங்குபவர்களுக்குச் சாதாரண துணி மாஸ்க் போதாது, எண்ணெய் ஆவியை அது தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகக்கவசம், நைட்ரைல் கையுறை, முழங்கால் பூட்ஸ் வேண்டும். தோலில் பட்டதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போடலாம். அள்ளியதை மணலில் புதைப்பது அடுத்த மழைக்கு அதையே திரும்ப அழைப்பது.

எங்கே எந்த நேரம் நீர் திரும்பும் என்று முகத்துவாரத்து மீனவர்களுக்குத் தெரியும். மிதவையையும் கயிற்றையும் நங்கூரத்தையும் குப்பத்துப் பக்கமே கிடங்கில் வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் கூலி கொடுத்துப் பயிற்சி கொடுங்கள்.

மக்களும் ஒன்று செய்யலாம். எண்ணெய் தெரிந்ததும் சுத்தமான கண்ணாடிப் புட்டிகளில் இரண்டு மாதிரி எடுங்கள். இடம், நேரம் எழுதி, சாட்சி கையெழுத்தோடு குளிரில் வையுங்கள். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இழப்பீடு கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் போகும்போது போட்டோவை விட அந்தப் புட்டி வலுவாகப் பேசும்.