அது நிர்வாகக் குழுவின் சம்பளம் அல்ல

கோத்தகிரியில் எங்கள் மாற்றுத்திறனாளிகள் பகல்நேர மையத்தின் ஆண்டறிக்கையில் இருக்கும் 'சம்பளம்' என்ற வரியைக் காட்டி, நிர்வாகக் குழுவினர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அந்தக் குழுவின் பொருளாளர். அந்தத் தொகை சிறப்பு ஆசிரியர்கள், இயன்முறை மருத்துவர், ஆயா, வேன் ஓட்டுநர் ஆகியோருக்குப் போவது. குழுவில் இருக்கும் யாருக்கும் ஒரு ரூபாய் கிடையாது.

அதற்குப் பதில் சொன்னவர், குழுவினர் பணம் வாங்குவதையே சட்டம் தடுக்கிறது என்கிறார். எங்களுக்காகப் பேசியதற்கு நன்றி, ஆனால் அதுவும் சரியல்ல. செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் தருவதை வருமான வரிச் சட்டம் தடுக்கவில்லை. அளவு மீறினால்தான் வரிவிலக்குக்கு ஆபத்து. எங்களைப் போல் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் அவர்கள் உறவினருக்கும் கொடுத்ததைத் தணிக்கையாளர் தம் அறிக்கையில் தனியே காட்ட வேண்டும். பார்க்க வேண்டிய இடம் அதுதான். எங்கள் அறிக்கையில் அங்கே 'இல்லை' என்றிருக்கும்.

சம்பளம் வாங்காத இந்தக் குழுவில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர். வாசல் சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்று மாற்ற வைத்தார். போன ஜூலை மழையில் அதில் பாசி படிந்து வழுக்கியபோது, கூட்டத்துக்குக் குன்னூரிலிருந்து சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தேய்த்தார். கூட்டம் அரைமணி தாமதம்.

கணக்குப் புத்தகத்தை யாரும் வந்து பார்க்கலாம். சனிக்கிழமை காலையில் மையத்தில் இருப்பேன்.