ஒன்றரை வயதுத் தடுப்பூசியோடு முடிவதில்லை

"ஒன்றரை வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றென்றால், காய்ச்சல் வந்தாலொழியப் பள்ளியில் சேர்க்கும்வரை பிள்ளையை மருத்துவரிடம் காட்டத் தேவையில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இளம் தாய்மார்கள் இதை நம்பிவிடக் கூடாதே என்பதால் எழுதுகிறேன். முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்கத் தவணை 5 முதல் 6 வயதுக்குள் போடப்பட வேண்டியது. வைட்டமின் ஏ திரவமும் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உண்டு.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்துவது கண். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்த பிள்ளை, மற்றக் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால், தானாக ஒரு குறையும் சொல்லாது. அதற்குள் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. சோம்பேறிக் கண் எனப்படும் இக்குறையை 7 வயதுக்கு முன் கண்டறிந்தால், கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தும் பெரும்பாலும் சரிசெய்யலாம்; பிந்தினால் கடினம். என் மகள் வயிற்றுப் பேத்திக்கு 4 வயதில் இது தெரியவந்தது, அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுவால்தான். அதுவரை அவளை மடியிலேயே வைத்திருந்த நாங்கள் எவரும் அறியவில்லை.

2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, இக்குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக் குழந்தைகளை இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். அங்கன்வாடிக்குச் செல்லாத பிள்ளைகளைப் பெற்றோரே ஆண்டுக்கொரு முறையேனும் அழைத்துச் சென்று உயரம், எடை, பார்வை, செவித்திறன், பல் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது அவசியம்.