ஜெர்மனிக்கு ஒரு நியாயம், செனகலுக்கு ஒரு நியாயம்

2021 நவம்பர், கிளாஸ்கோவில் ஐ.நா. காலநிலை மாநாடு. வெளிநாடுகளில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு இனி அரசுப் பணம் தருவதில்லை என்று ஜெர்மனி உட்பட முப்பத்துச் சொச்சம் நாடுகள் கையெழுத்துப் போட்டன. கெடு 2022 இறுதி. தப்பிக்க ஒரு சின்ன ஓட்டையும் விட்டுவைத்திருந்தார்கள், அது வேறு விஷயம்.

ஆறே மாதம். 2022 மே மாதம் அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ், மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் தலைநகர் டக்காரில் போய் இறங்குகிறார். உங்கள் கடலில் கிடைத்த எரிவாயுவில் சேர்ந்து வேலை செய்யலாமே என்கிறார். இடையில் நடந்தது உக்ரைன் போர். ரஷ்ய எரிவாயுவை நம்பியிருந்த ஜெர்மனி வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அந்த டிசம்பரிலேயே ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் கப்பலில் வரும் எரிவாயுவை இறக்க முனையம் தயார். அடுத்த மாதம் லூட்சராத் என்ற கிராமத்தை இடித்தார்கள். அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறதாம். மறியல் செய்தவர்களைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது.

குளிரில் மக்கள் நடுங்கக் கூடாது என்று ஒரு அரசு நினைப்பதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். 2012-இல் எங்கள் ஊரில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தவன் நான். என் கோபம் வேறு. இதே காரணத்தைத்தானே ஆப்பிரிக்கத் தலைவர்கள் வருடக்கணக்காகச் சொன்னார்கள்? சகாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேர் வீட்டில் மின்சாரம் கிடையாது. மொத்தக் கண்டமும் சேர்ந்து விடும் கரியமில வாயு, உலகக் கணக்கில் 4 சதவீதத்தைத் தொடாது. அவர்கள் கேட்டபோது பூமி தாங்காது என்றவர்கள், தங்களுக்கு வேண்டும் என்றதும் விமானம் ஏறிவிட்டார்கள்.

பாகிஸ்தான் கதை இன்னும் மோசம். 2022-இல் ஐரோப்பா என்ன விலையானாலும் சரி என்று எரிவாயுக் கப்பல்களை வளைத்துப் போட்டது. ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் சரக்குக்கு டெண்டர் விட்டது. ஒருவர்கூட விலை கோரவில்லை. வங்கதேசம் சந்தை விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாமல், பகுதி பகுதியாக மின்வெட்டு அறிவித்தது. அதே பருவமழையில் பாகிஸ்தானில் வெள்ளம், 1,700 பேருக்கு மேல் செத்தார்கள். உலகப் புகையில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

“சோலார் போட வேண்டியதுதானே?” என்று சிலர் கேட்பார்கள். போடலாம். உலகின் சிறந்த வெயிலில் 60 சதவீதம் ஆப்பிரிக்காவில்தான் அடிக்கிறது என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. ஆனால் உலகில் நிறுவிய சோலார் திறனில் ஆப்பிரிக்காவின் பங்கு வெறும் 1 சதவீதம். ஏன்? சோலாரில் செலவு முழுக்க முதல் நாளே வந்துவிடும், எல்லாம் கடன். பணக்கார நாட்டில் முதலீட்டுப் பணம் திரட்ட ஆகும் வட்டிச் செலவைப்போல் இரண்டு மூன்று மடங்கு அங்கே. அதே பலகைதான், அதைவிட நல்ல வெயில்தான், யூனிட் விலை மட்டும் எகிறும். அங்கே விலையை ஏற்றுவது வட்டிதான்!

இதைச் சரிசெய்ய வேண்டிய பணம்தான் 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குத் தருவதாகச் சொன்ன வருடத்துக்கு 10,000 கோடி டாலர். 2020-க்குள் என்றார்கள். அவர்கள் கணக்குப்படியே 2022-இல்தான் எட்டியது, அதிலும் பெரும்பகுதி கடன். கடன் கொடுத்துவிட்டு உதவி என்று எழுதிக்கொள்வதை எங்கள் தெரு வட்டிக்கடைக்காரர்கூடச் செய்ய மாட்டார்.

செனகல் அரசையும் புனிதமாக்க எனக்கு மனமில்லை. எரிவாயு மேடை நிற்பது சேன் லூயி ஊருக்கு எதிர்க்கடலில். அந்த ஊர் மீனவக் குப்பத்து வீடுகளைக் கடல் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கிறது. நல்ல மீன்பாடு இருந்த பாறைப்பக்கம் இப்போது மேடையைச் சுற்றிய தடைப் பகுதிக்குள் போய்விட்டது என்று மீனவர்கள் புலம்புகிறார்கள். கடல் ஏறியதற்கும் அவர்கள் காரணமில்லை. மேடை போட்டபோதும் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.